வெள்ளத்தில் நின்ற லேண்ட்மாஸ்டரை மறுபடி ஓட வைக்கலாமா?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வட்டை வாடியில் (வயல் குடிலில்) அப்பாவின் பழைய ஜப்பான் லேண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரம், ஒன்று கிடக்கிறது. 2011 தை மாத வெள்ளத்தில் சில்லு மூழ்க நின்றது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் அசையவே இல்லை. பழைய இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து விலை கேட்டுவிட்டார். எஞ்சினை இறக்கித் திருத்தி, பெயின்ட் அடித்து, வீட்டுத் தோட்டமும் அரை ஏக்கர் வயலும் உழ வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சினில் தொடங்க வேண்டாம். எஞ்சின் அசையவில்லை என்றதும் எல்லோரும் அங்கேதான் ஸ்பானரைக் கொண்டுபோவார்கள். அது இறுகி நிற்பது பெரிய காரியமே இல்லை. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் போல எளிய சாமான் உலகத்தில் குறைவு. பிஸ்டன், ரிங், லைனர் (சிலிண்டரின் உள் உறை) எல்லாம் இன்றைக்கும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் வேறொரு எஞ்சினையே ஏற்றிவிடலாம். வண்டி பிழைக்குமா பிழைக்காதா என்பதைத் தீர்மானிப்பது கியர்பொக்ஸ். உங்களுடையது வெள்ளத்தில் நின்றது என்பதால் இன்னும் நிச்சயமாக அதுதான்.

ஆகவே முதல் வேலை இது. ஒரு நாள் விடிய வெள்ளாப்பில் போங்கள். வண்டியை அசைக்க வேண்டாம், இழுத்து வெளியே எடுக்கவும் வேண்டாம். கியர்பொக்ஸின் அடியில் ஒயில் இறக்கும் நட்டு இருக்கும். கீழே ஒரு பேசினை வைத்து, அந்த நட்டை முழுதாகக் கழற்றாமல் நூல் நூலாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரம். அசையாமல் கிடந்த பெட்டியில் அது அடியில் தேங்கியிருக்கும், அதனால் முதலில் வருவதும் அதுதான். வண்டியை உருட்டிவிட்டுப் போய்த் திறந்தால் இரண்டும் கலந்து ஒன்றும் விளங்காது.

முதல் சொட்டே கறுப்பு ஒயிலாக வந்தால், சந்தோசப்படுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வந்து, பின்னால் ஒயில் வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது, ஆனால் சேறு போகவில்லை. சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி வந்தால் அச்சைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல் வழியாகச் சேறே உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் பேரிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று இப்போதே மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

பிறகு மேல் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் நின்றதால் கீழே இருக்கிற பற்சக்கரங்களில்தான் துரு ஏறியிருக்கும். பல்லின் முகத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேல் துரு, டீசலும் பிரசும் போதும். நகம் குழியில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டுப் போனால் அந்தப் பல் கொஞ்ச நாளில் செதில் செதிலாகக் கழரும். அரை ஏக்கர் வேலைக்கு அதையும் சில போகம் ஓட்டலாம், சத்தம் வரும், அவ்வளவுதான். வார்ப்புப் பெட்டியே வெடித்திருந்தாலோ, பெரிய பற்சக்கரத்தில் பல் உடைந்து அதற்குச் சாமான் எங்கேயும் இல்லை என்றாலோ மட்டும் இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பேரிங் பற்றி ஒரு விசயம். கடையில் போய் "இந்த மொடல் மெசினுக்குப் பேரிங்" என்று கேட்டால், அந்த மொடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை என்பார்கள். நம்பரைக் கேளுங்கள். பேரிங்கின் பக்கத்தில் வெட்டியிருக்கும் நம்பர் உலகம் முழுக்க ஒன்றுதான். 6206 என்றால் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, தடிப்பு 16. இந்த வகை நம்பர்களில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் வந்துவிடும். ஒயில் சீலும் அப்படியே: அச்சின் விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண். துருவில் நம்பர் அழிந்திருந்தால் வேர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டு போகலாம். நாற்பது வருசப் பழசு மெசினுக்கும் மோட்டார் சைக்கிள் கடையில் பேரிங் வாங்கியிருக்கிறேன்.

இப்போது சீல். நம்முடைய பக்கத்தில் லேண்ட்மாஸ்டரைக் கொல்வது வயசல்ல, அச்சு வெளியே வருகிற இடத்தில் இருக்கிற அந்த றப்பர் வளையம்தான். இரும்புச் சில்லைப் போட்டுச் சேற்றில் இறக்கினால் அச்சு வரைக்கும் சேற்றுக்குள் போகும். சேற்றில் மண் மட்டும் இல்லை, போன போகத்து வைக்கோல் இருக்கும், வாவிப் பக்கத்து வயலென்றால் அறுந்த நைலோன் வலை நூலும் இருக்கும். அது அச்சில் சுற்றிச் சுற்றி உள்ளே போய், சீலின் உதட்டைக் கத்தி போல வெட்டிவிடும். சில்லைக் கழற்றிப் பார்த்தால் பச்சை நூல் பந்து மாதிரி ஒன்று அங்கே இருக்கும். பலர் புதுச் சீல் போடுவார்கள், அந்த நூலை முழுதாக எடுக்க மாட்டார்கள். அடுத்த மாரிக்குத் திரும்ப அதே கதை.

அதை விட மறைவான கரச்சல் இன்னொன்று இருக்கிறது. சீலின் உதடு வருசக்கணக்காக ஒரே இடத்தில் உராய்ந்ததால் அச்சில் நூலளவு பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலை ஓட்டினால் தெரியும். புதுச் சீலின் உதடும் போய் அந்தப் பள்ளத்திலேயே உட்காரும், முதல் நாளே ஒயில் கசியும். கடைக்காரர் பழைய சீலைத் தந்துவிட்டார் என்று நானும் ஒரு காலத்தில் சண்டைக்குப் போயிருக்கிறேன். பிழை என்னுடையது. சீலை அதன் வீட்டுக்குள் ஒரு இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே விட்டோ அடித்தால் உதடு தேயாத இரும்பில் உட்காரும். அதற்கு இடமில்லை என்றால் லேத்தில் கொடுத்து அச்சுக்கு மெல்லிய உறை ஒன்று போடச் சொல்லுங்கள், அதற்கேற்ற அளவில் சீல் வாங்கிக்கொள்ளலாம். அடிக்கும்போது உதட்டில் கிறீஸ் பூசுங்கள். சுத்தியலால் நேராக அடிக்காமல் பலகைத் துண்டை வைத்துச் சுற்றிவரத் தட்டுங்கள்.

ஒரு சின்னப் புறக்கதை. நாம் ஜப்பான் மெசினையும் சீன மெசினையும் ஒரே வாயால் லேண்ட்மாஸ்டர் என்கிறோம் அல்லவா? அந்தப் பெயர் 1950களில் ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெயர். இங்கிலாந்தில் நொட்டிங்காம் பக்கத்து நிறுவனம் ஒன்று அதைச் செய்து விற்றது. அந்த மெசின்கள் போய்ப் பல காலம், பெயர் மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது. பிற்காலத்தில் அந்த மனிதரே, தான் எருமையை இயந்திரமாக்கினேனே தவிர விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற மாதிரிப் பேசத் தொடங்கியதுதான் வேடிக்கை. எருமை பூட்டிச் சேறாக்கிய போடியார்மாரின் (பெரிய வயற்காரரின்) பேரன்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். முதலில் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அழுத்தத்தை விடுவிக்கும் சின்னக் கைபிடியையும் தூக்கிக்கொண்டு பிளைவீலை, அதாவது எஞ்சின் பக்கத்துப் பாரமான சக்கரத்தை, கையால் ஆட்டிப் பாருங்கள். இறுகியிருப்பது எஞ்சின் அல்ல, கியர்பொக்ஸின் உள் அச்சு என்று தெரியவந்தாலும் வரலாம். எஞ்சின்தான் என்றால், அடி ஒயிலை இறக்கிப் பாருங்கள். அதிலும் தண்ணீர் முதலில் வருகிறதா, பால் மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இறுகின எஞ்சினுக்கு நொசில் (டீசலைத் தெளிக்கிற வாய்) இருக்கிற ஓட்டை வழியாக ஒயில் ஊற்றி ஒரு கிழமை விடு என்று எல்லோரும் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்கிற எஞ்சினுக்கு அது சரி. இந்த எஞ்சினின் சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது. ஊற்றுகிற ஒயில் கீழ்ப்பாதியில் தேங்கும், மேல்பாதி ரிங் காய்ந்தபடியே இருக்கும். மாதக்கணக்கில் ஊற்றியும் அசையவில்லை என்கிறவர்கள் யோசிக்காத இடம் இதுதான். டீசலையும் ஒயிலையும் தண்ணீரையும் முழுதாக இறக்கிவிட்டு, எஞ்சினைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஹெட் மேலே பார்க்க நிறுத்துங்கள். நல்ல பாரம், மூன்று பேராவது வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் மேல் டீசலும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி விடுங்கள். வற்றிப்போக வற்றிப்போக ஊற்றுங்கள். நாலைந்து நாள் கழித்துப் பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். பிஸ்டனின் தலையில் பலகைத் துண்டை வைத்துத் தட்டலாம், இரும்பால் அடிக்கக் கூடாது. வேறொரு மெசினால் பெல்ட் போட்டு இழுத்து அசைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ரிங் உடைந்து லைனரில் கோடு விழுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை.

அசைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து டீசல். பழைய டாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றி, குழாயை ஊதி, காற்றை எடுங்கள். நொசிலுக்குப் போகிற தடித்த குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டுச் சுற்றினால் டீசல் குமிழி குமிழியாக வந்து, பிறகு சுத்தமாகப் பாயும். அப்போது இறுக்குங்கள். திரும்பவும் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால் நொசிலிலிருந்து "கிர்க், கிர்க்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பக்கத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சத்தம் வந்தால் நொசில் தெளிக்கிறது, வராவிட்டால் ஒழுகுகிறது. வெளியே எடுத்துச் சோதிக்கிறவர்கள் தெளிக்கிற வாய்க்கு முன் கையைக் காட்டக் கூடாது. சதுர சென்ரிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், பிறகு கையையே எடுக்க வேண்டி வந்துவிடும்.

எஸ் 195 என்கிற சீன எஞ்சின் எப்போதாவது அதில் ஏறியிருந்தால் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.35 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.45. ஜப்பான் எஞ்சின்களுக்கு இதைவிடக் குறைவாக இருக்கும். மூடியில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள்.

இப்போது கவனமாக வாசியுங்கள். வருசக்கணக்கில் நின்ற டீசல் எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது, பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு முழுத் திறப்பிலேயே இறுகி நிற்கலாம். ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறும், ஏறும், நிற்காது. எங்கள் வளவில் ஒரு பின்னேரம் எனக்கு அது நடந்தது. முதலில் வெள்ளைப் புகை, நான் கைதட்டிச் சிரித்தேன். பிறகு கறுப்புப் புகை, சத்தம் விசில் மாதிரி ஆகிவிட்டது, திரொட்டிலைக் குறைத்தால் கேட்கவில்லை. சட்டம் துள்ளித் துள்ளி வாழை மரத்துப் பக்கம் நடக்கத் தொடங்கியது. நான் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றேன், உண்மையைச் சொன்னால். மாமாதான் மாட்டுக்குப் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவி, காற்றுக் குழாயின் வாயில் வைத்துப் பலகையால் அமர்த்தினார். இரண்டு மூச்சு விட்டு நின்றது. "மனே, முதல்ல நிப்பாட்டப் பழகு, மறுகா ஸ்டார்ட் பண்ணு" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே காற்று வடிகட்டியைக் கழற்றி, குழாயின் வாயைத் திறந்து வைத்திருங்கள். அதை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டும் ஈரச் சாக்கும் கைக்கெட்ட இருக்க வேண்டும். வெறும் கையால் மூடக் கூடாது. பம்பின் தண்டு தாராளமாக ஓடுகிறதா என்று முன்னரே பக்க மூடியைத் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகும், பெருவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

தண்ணீர்த் தொட்டியில் கொதித்து ஆவியாகிக் குளிர்கிற வகை எஞ்சின் என்றால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கத்து எழுவான்கரையில் பல கிணறுகள் சவர், உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு உள்ளே படியும், லைனரைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரிக் கட்டியாகும், எஞ்சின் காரணமில்லாமல் சூடேறும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் குளத்துத் தண்ணீரை வடித்து ஊற்றலாம். கொதிக்கிற எஞ்சினில் தண்ணீர் குறைந்துவிட்டால் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட்டில் வெடிப்பு விழும். நிழலில் நிறுத்தி ஒரு வெற்றிலை போட்டு முடிந்த பிறகு ஊற்றலாம். ஒயில் திரும்பத் திரும்பப் பால் நிறமாகிறது என்றால் லைனரின் அடியில் இருக்கும் றப்பர் வளையங்கள் செத்துவிட்டன. விலை மிகக் குறைவு, ஆனால் லைனரை இழுத்துத்தான் போட வேண்டும்.

பெல்ட்டுகளை ஒரே தடவையில் எல்லாமாக மாற்றுங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பாரம் முழுக்க அந்த ஒன்றிலேயே விழும், ஒரு மாதத்தில் அதுவும் பழசாகிவிடும். நடுவில் பெருவிரலால் அமர்த்தினால் இரண்டு மூன்று சென்ரிமீட்டர் இறங்க வேண்டும். இரண்டு கப்பியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஓட்டத் தெரியும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிக் குளக்கட்டிலிருந்து இறங்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். சமதரையில் இடது பக்கத்துத் திருப்பும் கைபிடியை அமர்த்தினால் மெசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறபோது, அமர்த்திய பக்கத்துச் சில்லு தடையில்லாமல் வேகமாக உருளும், மற்றப் பக்கத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், மெசின் வலப்பக்கம் திரும்பும். கட்டிலிருந்து வாய்க்காலுக்குள் போனவர்கள் அநேகமானோர் புதுப் பழக்கக்காரர் அல்ல, அவசரத்தில் பழைய பழக்கத்தில் கையை அமர்த்தியவர்கள். இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு, திருப்பும் கைபிடி இரண்டையும் விட்டுவிட்டு, கொம்பை (பிடித்து ஓட்டும் தண்டை) உடம்பால் தள்ளித் திருப்புங்கள். அதேபோல ரொட்டரி (மண்ணைக் கிளறும் கத்திகள்) சுழலும்போது பின்னுக்கு எடுக்கவே கூடாது. பழைய மெசின்களில் அதைத் தடுக்கிற பூட்டு இருக்காது, கத்திக்குப் பின்னால் நிற்பது உங்கள் கால்.

பெயின்ட் கடைசி வேலை. முதலில் பெயின்ட் அடித்து வைத்தவர்கள் பிறகு ஒயில் கசியும் இடத்தைத் தேடித் திரிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு போகம் ஓட்டுங்கள், கசிவெல்லாம் நின்றதும் துருவைச் சுரண்டி ரெட் ஒக்சைட் அடித்து, மேலே உங்களுக்குப் பிடித்த நிறம். வண்டிப் புத்தகம் அப்பாவின் பெயரில் எங்காவது இருக்கும், தேடி எடுத்து எஞ்சின் நம்பரும் சட்ட நம்பரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். றோட்டில் பெட்டியோடு போகிற நாளில் அது தேவைப்படும்.

பிறகு பராமரிப்பு. பெரும்போகம் விதைத்து முடிந்து மெசினுக்கு வேலை இல்லாத காலத்தில்தான் அது கெடும், உழுகிற காலத்தில் அல்ல. அன்றன்றைக்குச் சேற்றைக் கழுவுங்கள், ஆனால் சீல் இருக்கிற இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சி அடிக்காதீர்கள். நூல் சுற்றியிருந்தால் அன்றைக்கே வெட்டி எடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பலகையின் மேல் ஏற்றி நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியைக் காலி பண்ணி, டீசல் டாங்கியை மட்டும் நிறைத்து வையுங்கள், வெறும் இடம் இருந்தால் உள்ளே வியர்க்கும். காற்றுக் குழாயில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, டீசலை மூடியபடி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிறகு அழுத்தம் கனமாகத் தட்டுகிற இடத்தில் பிளைவீலை நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக் காற்று சிலிண்டருக்குள் போகாது. மாதம் ஒரு தடவை கையால் சுற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் விடுங்கள்.

சைலன்சருக்கு மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். டீசல் டாங்கி மூடியில் காற்றுப் போகிற சின்ன ஓட்டையையும் ஒவ்வொரு தடவையும் ஊசியால் குத்திப் பாருங்கள், வாடிகளில் குளவிக்கு அந்த ஓட்டை என்றால் உயிர். அது மண்ணை வைத்து அடைத்துவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிசம் நன்றாக ஓடி, வயலின் நடுவில் நிற்கும். நொசிலையும் பம்பையும் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோகும் முன் டாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள், "உஸ்" என்று காற்று உள்ளே போனால் கள்ளன் அந்தக் குளவிதான்.